கடல் இல்லாத ஊரில் மீன் காப்பது: குளத்தங்கரைக்குப் புதிதாக வருவோருக்கு

கொங்கு நாட்டில் மீன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கோவை உக்கடம் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து கொட்டப்படும் மத்தியும் அயிலையும்தான். கடல் நமக்குத் தொலைவு. நம் ஆறுகளுக்கு அப்படி இல்லை. நொய்யல், பவானி, அமராவதி மூன்றும் காவிரியில் போய் விழுகின்றன. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. ஆற்றுப் பாறை இடுக்கில் அகப்படும் விலாங்கு கடலில் பிறந்த மீன். குஞ்சுப் பருவத்தில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே இறங்கும். வங்காளிகள் கொண்டாடும் ஹில்சா, நம்மவர் உல்லம் என்று சொல்வது, ஒரு காலத்தில் காவிரியில் மேலேறி வந்த மீன்தான். 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த வரத்து தேய்ந்துபோனது.

கடற்கரையில் மீன்வளத்தைக் காக்க ஊர் கூடிச் செய்யும் ஏற்பாடுகளைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். அதே வேலை நம் ஊர்க் குளத்துக்கும் தேவைப்படுகிறது, இப்போது அவசரமாகவே. 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி. அளவை இறைத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே கொண்டுபோகும் திட்டம் அது. சீமைக் கருவேலம் மட்டுமே விளைந்துகொண்டிருந்த குட்டைகளில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நின்றால் மீன் வரும். மீன் வந்தால் வலை வரும். வலை வந்தால் வழக்கு வரும். தண்ணீரைப் பங்கிட நமக்கு முறை தெரியும். மடை திறப்பது யார், யாருக்கு எத்தனை நாழிகை என்று பாட்டன் காலத்து வழக்கம் இன்னும் பல ஊர்களில் நினைவிருக்கிறது. மீனைப் பங்கிட அப்படி ஒரு வழக்கம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. ஏலம் விடுவதோடு ஊர் கையைக் கழுவிவிடுகிறது.

"எங்கள் ஊர்க் குளத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?" என்று கேட்டு வருகிற இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளாக ஒரு குளத்தைச் சுற்றி வருகிறேன். அதில் முதல் இரண்டு ஆண்டுகள் செய்தவற்றில் பாதி தவறு.

முதல் வேலை: வெறுங்கையோடு நான்கு முறை சுற்றுங்கள்

மண்வெட்டியும் கையுறையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். விடியற்காலை ஒரு முறை, உச்சிவேளையில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் துணைக்கு ஒருவரோடு ஒரு முறை என்று குளத்தைச் சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். விடியலில் வீச்சு வலையோடு வருபவர் ஒருவர். உச்சியில் எருமையை இறக்கிக் குளிப்பாட்டுபவர் வேறு ஒருவர். மாலையில் கோரை அறுக்கும் பெண்கள், தூண்டில் போடும் பள்ளிப் பையன்கள். இரவில் வருபவர்கள் பெரும்பாலும் கொண்டுவந்து கொட்டுபவர்கள். பல்லடம், நாமக்கல் பக்கமாக இருந்தால் கோழிக் கழிவு, நகர ஓரமாக இருந்தால் கட்டட இடிபாடு.

இந்த நோட்டில் வரும் பெயர்கள்தான் உங்கள் குழு. நீங்களும் உங்கள் கல்லூரி நண்பர்களும் குழு அல்ல, கூடவந்த ஆட்கள். புதியவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர் குளத்தை வாரத்துக்கு நான்கு மணி நேரம் பார்க்கிறார். வீச்சு வலைக்காரர் தினமும் பார்க்கிறார். பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென்று 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தபோதும், வலையில் சிக்கிய கடற்பசுவை அறுத்து விடுவிக்க வேண்டிய கை மீனவருடைய கைதான். அதிகாரி கரைக்கு வந்து சேர்வதற்குள் அது மூச்சுத் திணறிச் செத்திருக்கும்.

காகிதத்தைப் பாருங்கள்

குளம் யாருடையது என்று கேட்டால் "கவர்மெண்ட்டுது" என்பார்கள். எந்தக் கவர்மெண்ட் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பொதுவான கணக்கு இது: ஆயக்கட்டு, அதாவது குளத்து நீர் பாயும் நிலம், நாற்பது ஹெக்டேர் (ஏறக்குறைய நூறு ஏக்கர்) அல்லது அதற்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை; அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். நகரத்துக்குள் இருக்கும் குளங்கள் சில மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் புல எண்ணைப் பார்த்து, புல வரைபடத்தின் நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் குளத்தின் எல்லையும் வரத்து வாய்க்காலும் கோடாக இருக்கும். அந்தக் கோட்டின் மேல் நடந்து பாருங்கள். பாதி வழியில் ஒரு காம்பவுண்ட் சுவர் குறுக்கே நிற்கலாம். கண்டவுடன் சண்டைக்குப் போகாதீர்கள். போட்டோ எடுத்து, தேதி எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள். ஆக்கிரமிப்பை முதல் ஆண்டிலேயே கையில் எடுத்த குழுக்கள் பல இரண்டாம் ஆண்டைப் பார்க்கவில்லை.

உங்கள் குளம் சரணாலயமாக இருந்தால் கதையே வேறு. திருப்பூரில் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சென்னிமலைப் பக்கத்தில் வெள்ளோடு 2022-இலேயே ராம்சார் இடமாகிவிட்டது. அங்கெல்லாம் கரையில் ஒரு கல்லை நகர்த்துவதென்றாலும் வனத்துறையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கீழே சொல்லும் மீன்பிடி ஏற்பாடுகளை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

மீன்பாசிக் குத்தகைதாரரோடு உட்காருங்கள்

இந்த வேலையின் முதுகெலும்பு இதுதான். பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான். குளத்து மீனைப் பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசியை, ஏலம் எடுத்தவரை இயற்கை ஆர்வலர்கள் வில்லனாகப் பார்ப்பது வழக்கம். நானும் அப்படித்தான் பார்த்தேன். அவருடைய கணக்கைக் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் குளத்தில் வளரும். ஆனால் நின்ற நீரில் முட்டையிட்டுப் பெருகாது. அவற்றுக்கு ஆற்று வெள்ளத்தின் ஓட்டம் வேண்டும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் குளம் நிறைந்ததும் பண்ணையில் குஞ்சு வாங்கிவந்து விட வேண்டும். விட்டால் விட்டதுதான், குளம் நிரம்பி உபரி நீர் கலிங்கு வழியே வழிந்தால் பாதி போய்விடும், நீர்க்காகம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், இரவு வலை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கோடையில் நீர் வற்றும்போது மிச்சத்தைப் பிடித்துக் காசாக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஏலம் தனக்கு வருமா என்று தெரியாது. அப்படிப்பட்டவர் குளத்தை ஒட்டத் துடைத்துத்தான் எடுப்பார். நாமாக இருந்தாலும் அதையே செய்வோம்.

ஆகவே அவரிடம் "ஏனுங்கண்ணா, மீன் பிடிக்காதீர்கள்" என்று போய் நிற்காதீர்கள். அவருக்கு நம்மால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். இரவுத் திருட்டு வலையைத் தடுக்க நான்கு பேர் முறைவைத்துக் கரையில் நடந்தாலே அவருக்குப் பெரிய லாபம். கலிங்கில் கம்பி வலை கட்டித் தந்தால் இன்னும் லாபம். இதற்கு ஈடாக அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குளத்தின் ஆழமான குழியில் கடைசி வரை வலை போடாமல் விடுவது. எல்லாக் குளத்திலும் மதகை ஒட்டியோ, மண் எடுத்த பள்ளத்திலோ அப்படி ஒரு குழி இருக்கும். வற்றும் காலத்தில் நாட்டு மீன்கள் ஒதுங்கும் இடம் அதுதான். இரண்டு, அவர் குஞ்சு விட்ட மீன்களை மட்டும் தன்னுடையதாகக் கொண்டு, தானாகப் பெருகும் நாட்டு மீன்களில் ஒரு பங்கைத் தூண்டில்காரர்களுக்கும் வீச்சு வலைக்காரர்களுக்கும் விட்டுக்கொடுப்பது. பெண்டு பிள்ளைகள் குழம்புக்குப் பிடிப்பதைத் திருட்டு என்று சொல்லித் தடுத்தால், அவர்களே இரவு வலைக்குக் காவல்காரர்களாகிவிடுவார்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பகலில் நமக்குக் காவல்.

இந்தப் பேச்சுக்குக் கடற்கரையில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் பாடு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மீன் நன்றாகப் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடத்தை ஒருவரே பிடித்து உட்கார முடியாது. நம் ஊர் முறைத்தண்ணீர் மாதிரியே இது முறைமீன். பெரியவர்களிடம் இப்படிச் சொன்னால் உடனே பிடிபட்டுவிடும். வரைபடம் எதுவும் காட்ட வேண்டியதில்லை.

விரால் குஞ்சும் நாங்கள் செய்த சவரமும்

எங்கள் முதல் பெரிய சாதனையைச் சொல்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு ஞாயிறுகளில் அறுபது பேர் சேர்ந்து, கிழக்குக் கரை ஓரமாக இருந்த கோரையையும் சம்பையையும் வேரோடு பிடுங்கி, கரையைப் பளிச்சென்று ஆக்கினோம். போட்டோ அழகாக வந்தது. மூன்றாவது ஞாயிறு, வீச்சு வலைப் பெரியவர் ஒருவர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு, குளத்துக்குச் சவரம் செய்துவிட்டீர்கள்" என்றார். "இனி விரால் எங்கே குஞ்சு பொரிக்கும்?"

எனக்குப் புரியவில்லை. மழை பெய்து நீர் ஏறியதும் அவரே கூட்டிப்போய், நாங்கள் கை வைக்காத மேற்கு மூலையைக் காட்டினார். கோரைக்கு நடுவில் முழங்கால் ஆழத் தண்ணீர். அதன் மேற்பரப்பில் குங்குமத்தைக் கரைத்துவிட்டது போல ஒரு சிவப்புத் திட்டு, சோற்றுத் தட்டு அகலத்துக்கு, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கிட்டப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு. விராலுக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் அமைப்பு உண்டு. அதனால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து மூச்செடுக்கும். மழைத் தூறல் விழுவது போலத் தண்ணீர் பொரியும். அடியில் தாயும் தந்தையும் காவல். சில வாரங்கள் இப்படியே காத்து வளர்க்கும். குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில் எது விழுந்தாலும் தாய் விரால் பாய்ந்து கவ்வும். அது தெரிந்தவர்கள் தூண்டிலை அங்கேதான் போடுவார்கள். ஒரு தாயைப் பிடித்தால் அன்று மாலைக்குள் குஞ்சுத் திட்டை ஜிலேபிக் கெண்டையும் மற்ற மீன்களும் தின்று தீர்த்துவிடும். ஒரு கிலோ மீனுக்காக ஒரு கூட்டமே போகிறது.

அன்றைக்கு எழுதிவைத்த விதிகள்தான் இன்றும் எங்களுக்கு. முதல் முறை செய்பவர்களுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பேன்.

மழை தொடங்கி நீர் ஏறியதிலிருந்து நாற்பத்தைந்து நாள், கரையோரப் புல்லுக்குள் வலையோ தூண்டிலோ கூடாது. குளத்தின் நடுவில் போட்டுக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாமல் நிற்கின்றன. அவ்வளவு பெரிய தொழிலே நிற்கும்போது, நம் குட்டையில் ஓரத்தை மட்டும் நாற்பத்தைந்து நாள் விட்டுவைப்பது பெரிய தியாகம் அல்ல. தேதியைக் காலண்டர் பார்த்து வைக்காதீர்கள். கொங்கு நாட்டில் ஒரு வட்டாரத்துக்குத் தென்மேற்குப் பருவத்தில் ஆற்று நீர் வரும், இன்னொன்றுக்கு வடகிழக்கு மழை மட்டுமே. இப்போது குழாய்த் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. குளத்தில் நீர் ஏறும் நாளே உங்கள் முதல் நாள்.

அடுத்தது வலைக்கண். மூன்று விரல் தாராளமாக நுழையாத வலையைக் குளத்தில் இறக்கக் கூடாது. சென்டிமீட்டர் கணக்கு சொன்னால் யாரும் அளக்கமாட்டார்கள். விரல் எல்லோரிடமும் இருக்கிறது. கொசுவலையை நான்கு மூலை பிடித்து இழுப்பது அறவே கூடாது. தங்கூசி (நைலான் நரம்பு) வலை அறுந்து மிதந்தால் எடுத்துக் கரையில் எரிக்காமல் தனியாகச் சேர்த்துவையுங்கள். அதில் சிக்கிச் சாகும் முக்குளிப்பான்களும் நீர்ப்பாம்புகளும் கொஞ்சமல்ல.

மூன்றாவது, விஷ மருந்தும் வெடித் தோட்டாவும் கரண்டும் கிடையாது. முதல் இரண்டுக்கும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. மின்கம்பியைத் தண்ணீரில் விட்டுப் பிடிப்பதில் ஆளே போன சம்பவங்கள் உண்டு. ஊரில் அந்தப் பேச்சை எடுத்தாலே போதும். இதோடு ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது. கோழிக் கழிவைத் தின்று மளமளவென்று வளரும் என்பதால் திருட்டுத்தனமாகக் குட்டைகளில் விடுகிறார்கள். ஒரு முறை குளத்துக்குள் வந்துவிட்டால் நாட்டு மீனை மிச்சம் வைக்காது. மீசை நீளமாக, தலை தட்டையாக, உடம்பு பளிங்குத் திட்டாக இருக்கும் பெரிய கெளுத்தி கிடைத்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

ஊர் வாயால் சொல்ல வையுங்கள்

நீங்கள் சொல்லும் விதியை யாரும் மதிக்கமாட்டார்கள். கிராம சபை சொன்னால் மதிப்பார்கள். குறைந்தபட்சம் மீறும்போது கூச்சப்படுவார்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐப்பசி மழைக்கு முன் தீர்மானம் வேண்டுமென்றால் ஆகஸ்ட் 15 உங்களுக்கு உகந்தது. அக்டோபர் 2 கடைசி வாய்ப்பு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குளத்தைப் பற்றிப் பேச அன்றைக்குக் காது கொடுப்பார்கள். தூர் எடுப்பது, வாய்க்கால் வெட்டுவது போன்ற கோடை வேலைகளை அன்று வையுங்கள்.

மனுவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். புல எண், குளத்தின் பெயர், விதிகள் மூன்று, யார் பார்த்துக்கொள்வார்கள், மீறினால் என்ன என்பவை போதும். அபராதத் தொகையை நீங்கள் எழுதாதீர்கள், ஊரே சொல்லட்டும். எங்கள் ஊரில் பணம் வேண்டாம் என்று முடிவாகி, மீறியவர் ஒரு நாள் வாய்க்கால் வேலை செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். எனக்கு அது தோன்றியிருக்காது. மனுவை வாசிப்பதும் நீங்களாக இருக்க வேண்டாம். குளத்தில் பிழைக்கும் ஒருவர் எழுந்து நின்று நாலு வாக்கியம் பேசட்டும். கோரை அறுக்கும் பெண்களில் ஒருவர் பேசினால் கூட்டத்தில் சத்தம் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஊர் என்பது ஒரே ஊர் இல்லை. மேடையில் யார் உட்காருகிறார்கள், கடைசி வரிசையில் யார் நிற்கிறார்கள், எந்தத் தெருவுக்குச் சேதி போகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலை போடுபவரின் தெருவுக்குச் சொல்லாமல் போட்ட தீர்மானம் அவருக்கு எதிராகப் போட்ட தீர்மானமாகவே ஆகும்.

எதைச் சுத்தம் செய்வது, எதை விடுவது

பிளாஸ்டிக், துணி, பழைய சாமிப் படங்கள், மருத்துவக் கழிவு இவற்றை எடுங்கள். இதில் கருத்து வேறுபாடு இல்லை. கோரை, சம்பை, தாமரை, அல்லி இவற்றைத் தொடாதீர்கள். வரத்து வாய்க்கால் வாயிலும் மதகடியிலும் மட்டும் நீர் போக வழி விட்டு ஒதுக்கலாம்.

ஆகாயத்தாமரைதான் தலைவலி. அது எடுக்க வேண்டிய செடி. தண்ணீர் குறைந்து செடி ஓரத்தில் ஒதுங்கும் கோடையில் எடுங்கள். பூத்து விதை விழுவதற்கு முன்பாக இருந்தால் இன்னும் நல்லது. விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரு முறை எடுத்ததோடு தீராது. ஒரு சிறு கொடித்துண்டு மிஞ்சினாலும் அடுத்த மழையில் பாய் விரித்துவிடும். எடுத்ததைக் கரையின் உட்சரிவில் குவிக்கும் தவற்றை எல்லோரும் செய்கிறார்கள். நீர் ஏறியதும் அது மறுபடி குளத்துக்கே போகும். கரையைத் தாண்டி வெளிப்புறம் கொட்டி, காயவிட்டு, சாணத்தோடு சேர்த்து மட்கவையுங்கள். ஆகாயத்தாமரை அடர்ந்து வளர்கிறது என்றால் சாக்கடை எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். அந்தச் சாக்கடையைத் தேடுங்கள். செடியை மட்டும் எடுப்பது ஆறாத புண்ணில் ஈ ஓட்டுவது போல.

தூர் எடுக்கும் யோகம் வந்தால் ஜே.சி.பி. ஓட்டுநரோடு நீங்கள் நின்றாக வேண்டும். விட்டால் அவர் குளத்தைச் சட்டி மாதிரி ஒரே ஆழத்துக்கு வழித்துவிடுவார். ஓரம் சரிவாக, நடுவில் ஒன்றிரண்டு குழி ஆழமாக, எங்கேயாவது ஒரு மேடு தீவு போல இருக்க வேண்டும். மேட்டில் நாட்டுக் கருவேல் நான்கு வைத்தால் பறவை தங்கும். வண்டல் மண் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியர் அளவில் இலவச அனுமதி கிடைக்கும். அனுமதிக் காகிதம் இல்லாத லாரியைக் குளத்தில் இறங்கவிடாதீர்கள். வண்டல் முடிந்து கிராவல் தெரிய ஆரம்பித்ததும் லாரிகளின் எண்ணிக்கை கூடினால் உங்களுக்கே புரியும்.

கரையைக் கான்கிரீட் போட்டு நடைபாதையாக்கலாம் என்று யாராவது நன்கொடையோடு வந்தால் நன்றி சொல்லி, காசை வாய்க்காலுக்குக் கேளுங்கள். கான்கிரீட் சரிவில் விராலும் முட்டையிடாது, நாமக்கோழியும் கூடு கட்டாது.

தண்ணீரின் குணம்

கொங்கு நாட்டுக்குத் தண்ணீர்ப் பாடம் ஒரத்துப்பாளையம். பாசனத்துக்காக நொய்யலில் 1992-இல் கட்டி முடித்த அணையில் சாயக் கழிவு தேங்கி, திறந்துவிட்டால் வயல் கெட்டுவிடும் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே அந்த நீரைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. வழக்குத் தொடுத்ததும் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள்தான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டோடுதான் அவை திறக்க வேண்டியிருந்தது.

உங்கள் அளவில் செய்யக்கூடியது இது. நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளும் வாங்குங்கள். மழைக்குப் பின் குளம் நிறைந்த வாரத்தில் வரத்து வாய், நடு, மதகு ஆகிய மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். அது உங்கள் அடிக்கணக்கு. பிறகு மாதம் ஒரு முறை. எண் எவ்வளவு என்பதைவிடத் திடீரென்று ஏறுகிறதா என்பதைப் பாருங்கள். மூன்று இடத்தில் ஓரிடம் மட்டும் ஏறினால், அங்கே எதுவோ கலக்கிறது.

டி.டி.எஸ். மீட்டருக்குச் சாக்கடை தெரியாது, மீனுக்குத் தெரியும். விடியலில் மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து பிளந்து மூடினால் நீரில் உயிர்வளி குறைந்துவிட்டது. பச்சைப் பாசி பகலில் உயிர்வளி தரும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலைதான் மீனுக்கு மோசமான நேரம். பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதாதீர்கள்.

ஒருநாள் மீன் செத்து மிதக்கலாம். கோடையின் முதல் மழைக்கு மறுநாள்தான் பெரும்பாலும். அன்றைக்கு இந்த வரிசையில் செய்யுங்கள்: புதைக்கும் முன் போட்டோவும் வீடியோவும் நேரத்தோடு, எந்த இனம், சிறிதா பெரிதா, எந்த ஓரத்தில் அதிகம் என்ற குறிப்பு, கழுவின பாட்டிலில் வரத்து வாயிலும் நடுவிலும் தண்ணீர், நிரம்ப மூடி, ஐஸ் வைத்து, பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் எழுத்தில் புகார். செத்த மீனை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "இப்போதுதான் செத்தது" என்று சொல்லி எடுப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

எண்ணிவையுங்கள்

ஆண்டு முழுவதும் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். வாரம் ஒரு நாள், கரையில் வந்திறங்கும் மீனைப் பாருங்கள்: எத்தனை வகை, பெரியது எவ்வளவு நீளம், நாட்டு மீன் எத்தனை. பெயரை ஊர் வழக்கில் எழுதுங்கள். குரவை, ஆரால், அயிரை, கெளுத்தி என்று அவர்கள் சொல்வதுதான் நோட்டில் வர வேண்டும். அறிவியல் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பறவைக்குப் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். கூழைக்கடா, சங்குவளை நாரை, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி என்று பத்து இனத்தை அடையாளம் கண்டால் போதும், மற்றவை தானாக வரும். கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருப்பதால் இந்தப் பக்கம் சொல்லித்தர ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு ஆண்டுக் குறிப்பு சேர்ந்ததும் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் குளத்தை ஏற்றச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரே வரி: வாங்கினால் இரண்டு கையெழுத்துக் கணக்கில் போடுங்கள், கணக்கை மாரியம்மன் கோயில் சுவரில் ஒட்டுங்கள்.

முதல் ஆண்டில் என்ன நடக்கும்

அறுபது பேரில் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அது தோல்வி அல்ல. எட்டுப் பேருக்குத்தான் அங்கே வேலை இருக்கிறது. ஒருவராவது விதியை மீறுவார், பெரும்பாலும் தீர்மானத்தில் முதல் கையெழுத்துப் போட்டவரின் உறவினர். அவரை விட்டுவிட்டால் அடுத்த மழைக்குள் விதி செத்துவிடும். போலீசுக்குப் போனால் ஊர் உங்களை விட்டுவிடும். குத்தகைதாரரையும் வலைப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். காப்பி வரும். காப்பி முடிந்த பிறகு பேச்சை எடுங்கள்.

மீன் உடனே பெருகிவிடாது. முதலில் கூடுவது ஜிலேபிதான். குஞ்சை வாயில் வைத்துக் காப்பாற்றும் மீன் அது, ஆண்டில் பல முறை பெருகும். அதைப் பார்த்து "மீன் கூடிவிட்டது" என்று மகிழ்ந்து அறிக்கை எழுதிவிடாதீர்கள். மேற்கு மூலைக் கோரைக்குள் சிவப்புத் திட்டு எத்தனை என்று எண்ணுங்கள். எங்கள் குளத்தில் அந்த ஆண்டு ஒன்று. நாங்கள் சவரம் செய்த கிழக்குக் கரையில் கோரை திரும்ப அடர மூன்று மழை ஆனது. போன கார்த்திகையில் அங்கே இரண்டு திட்டு பார்த்தேன். பெரியவரிடம் சொன்னேன். அவர் மூன்று என்றார்.